எருவுக்குச் சிவப்பு டேக் கட்டிய கதை

1. முதல் நாள்

ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அதே கம்பெனியில் கடைசி இரண்டு வருஷம் எரு பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்துக் கதையைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. எரு என்று ஆரம்பித்தால், மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். அதனால் அதையே எழுதுகிறேன்.

கம்பெனி சூலூர்ப் பக்கம். ஸ்டோர்ஸில் எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்பது என் தலைக்குள் இருந்தது. ஒரு நாள் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்தன. அதோடு முப்பது வயதுப் பொறியாளர் ஒருவரும் வந்தார். பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' இருந்தால் பிரச்சனை இல்லை, வார்த்தைக்கு ஒன்று வந்தால் நாம் எழுந்து நின்றுகொள்ள வேண்டும்.

"ஏனுங்ணா, கேன்டீனுக்குப் பொறத்தால அம்பது சென்ட் சும்மா கெடக்குதில்ல, அதுல தக்காளி, கத்திரி போட்டு நம்ம கேன்டீனுக்கே குடுக்கலாம்னு பாக்கறன். கடை உரம், மருந்து எதுவும் வேண்டாம். எருவு மட்டும். நீங்க பாத்துக்கங்ணா."

"எனக்கு வெவசாயம் தெரியாதுங்களே."

"ஸ்டோர்ஸும் வந்த அன்னைக்குத் தெரியாதில்லீங்ணா. செஞ்சு பாருங்க. வந்தாச் செரி. வரலீன்னா அங்க டூ வீலர் ஷெட்டு போட்டுக்கலாமுங்க. நீங்களும் ஊட்டுல நிம்மதியா இருந்துக்கலாமுங்க."

ஷெட்டின் வரைபடம் அவர் மேஜை மேல் விரித்தே கிடந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முழு வயது வரை வேலை பார்த்தவரை மெயின் கேட்டில் மாலை போட்டு, இரண்டு ஷிப்டும் நின்று கைதட்டி அனுப்புவார்கள். இடையில் போகிறவருக்குத் தபாலில் ஒரு கவர் வரும். அந்த மாலைகளை எல்லாம் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பியது நான்தான். எத்தனையோ பேருக்கு வாங்கியிருக்கிறேன். எனக்கும் ஒன்று விழ வேண்டும் என்று ஆசை இருந்தது. அற்ப ஆசைதான். ஆனால் இருந்தது.

தோட்டத்துக்கு எனக்குத் துணையாகத் தெய்வானையைப் போட்டார்கள். ஐம்பது வயது. கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. வீட்டில் ஆடு உண்டு, பிறந்தது தோட்டத்துக் குடும்பத்தில். அவரிடம் கேட்டு நடந்திருந்தால் இந்தக் குறிப்பு ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் நான் ஸ்டோர்ஸ்காரன். எனக்கென்று முறைகள் இருந்தன.

2. இன்வார்டு இன்ஸ்பெக்‌ஷன்

ஸ்டோர்ஸுக்குள் வருகிற எந்தப் பொருளையும் சோதித்த பிறகே இறக்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை டேக், இல்லாவிட்டால் சிவப்பு டேக். எருவுக்கும் அதையே செய்தேன்.

இடத்தைச் சுத்தம் செய்து, பாத்தி கட்டி, தக்காளி நாற்று நட ஒரு மாசம் ஓடிவிட்டது. எருவில் முதலில் வந்தது காங்கேயத்திலிருந்து ஒரு டிராக்டர் லோடு மாட்டு எரு. கொண்டுவந்தவர் சென்னியப்பன் என்கிற விவசாயி. சொந்தத் தொழுவத்து எரு. நான் ட்ரெய்லர் மேல் ஏறிப் பார்த்தேன். கறுப்பாக, டீத்தூள் மாதிரி பொலபொலவென்று இருந்தது. மோந்து பார்த்தேன், நாற்றமே இல்லை. கையை வைத்தேன், சில்லென்று இருந்தது.

"எத்தனை நாள் சரக்குங்க இது?"

"ரெண்டு வருசம் குழியில மக்குனதுங்க," என்றார் சென்னியப்பன். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

இரண்டு வருஷம்! ஸ்டோர்ஸில் இரண்டு வருஷம் அசையாமல் கிடக்கிற பொருளுக்கு டெட் ஸ்டாக் என்று பெயர். ரப்பர் வாஷர் இரண்டு வருஷம் கிடந்தால் வெடித்துவிடும், பெயின்ட் கட்டியாகிவிடும். சத்தெல்லாம் போன, நாற்றம்கூட மிச்சமில்லாத ஒன்றை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். இரண்டு மணி நேரம் அவரைக் கேட்டில் நிற்கவைத்து, படிவம் நிரப்பி, 'காலாவதியான சரக்கு' என்று எழுதி, சிவப்பு டேக்கை ட்ரெய்லரில் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

தெய்வானை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க சார், தங்கமாட்டம் இருக்கற எருவைத் திருப்பி உட்டுப்போட்டீங்களே."

"ரெண்டு வருசத்துப் பழசும்மா அது. புதுசா வரும், பாரு."

மூன்றாம் நாள் புதுசு வந்தது. பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு லாரி கோழி எரு. அது கேட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. லாரி மேல் ஏறினேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். கையை விட்டால் சூடு. ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கிக் குத்தினேன். அறுபது டிகிரி காட்டியது. இதுவல்லவா உயிருள்ள சரக்கு! பச்சை டேக் கட்டினேன்.

"பச்சை எருவுல சூடு இருக்குமுங்க சார். குமிச்சு வெச்சு, தண்ணி தெளிச்சு, கெளறிக் கெளறி உட்டு, ஆறு மாசம் ஆவோணும்," என்றார் தெய்வானை.

"ஆறு மாசம் வெச்சா பழசாயிராதாம்மா?"

ஒவ்வொரு தக்காளி நாற்றுக்கும் ஒரு முழு மக் கோழி எரு, தண்டை ஒட்டியே, அளவு பிசகாமல் என் கையால் வைத்தேன்.

நாலாம் நாள் இலை ஓரங்கள் பழுப்பாகின. ஆறாம் நாள் பாத்தி முழுவதும் யாரோ இஸ்திரிப் பெட்டி வைத்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. கேன்டீனில் சாப்பிட வந்த ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிட்டார்கள். வெல்டிங் பிரிவில் என் தோட்டத்துக்கு 'ஃபர்னஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

எம்.டி. வந்து பார்த்தார். "பரவால்லீங்ணா. இன்னொருக்கா நடுங்க," என்றார். ஒரே 'ங்க'தான். அன்று பிழைத்தேன்.

தெய்வானை மிச்சக் கோழி எருவை எல்லாம் வேப்பமரத்தடிக்குத் தள்ளி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஓலை போட்டு மூடிவைத்தார். "அது எதுக்கும்மா?" என்றேன். "பழசாவட்டுமுங்க," என்றார்.

3. சீல் வைத்த டிரம்

அந்த வாரம் எம்.டி.க்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம அளவு போட்டு ஊறவைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தயாராகும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை டம்ளர் கலந்து தெளித்தால் செடி துள்ளிக்கொண்டு வளரும். வீடியோவில் துள்ளியது.

உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து கழிவு வந்தது. ஐம்பது லிட்டர் டிரம்மில் தெய்வானை இரண்டையும் கலந்து, மூடியை மேலாக வைத்தார்.

"நல்லா மூடும்மா."

"இல்லீங்க சார். உள்ள நொதிச்சுக் காத்து வரும். தெனமும் ஒருக்கா மூடியைத் தொறந்து உடோணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஸ்டோர்ஸில் திறந்த டிரம் இருக்கவே கூடாது. அது எழுதப்பட்ட விதி. நான் எழுதிய விதி. தெய்வானை வீட்டுக்குப் போன பிறகு, அந்த மூடிக்கு இரும்பு வளையம் போட்டு இறுக்கி, ஈய சீல் வைத்தேன். 'இன்சார்ஜ் கையெழுத்து இல்லாமல் திறக்கக் கூடாது' என்று ஒரு டேக்கும் தொங்கவிட்டேன். வெயில் படாமல் இருக்க, கேன்டீன் பக்கவாட்டு வராந்தாவில், எல்லாரும் கைகழுவுகிற இடத்துக்கு எதிரே வைத்தேன்.

மறுநாள் தெய்வானை சீலைப் பார்த்தார். டேக்கை எழுத்துக்கூட்டிப் படித்தார். "உங்க இஷ்டமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் டிரம் உருண்டு திரண்டு கர்ப்பிணி மாதிரி ஆனது. நான் அதை வளர்ச்சி என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் மதியம் எம்.டி. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வந்தார். வெள்ளைச் சட்டை. நான் நாலடி தள்ளி என் முறைக்கு நின்றிருந்தேன். அவர் குழாயைத் திறந்தார். பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம். பாய்லர்தான் போய்விட்டது என்று நினைத்து ஆட்கள் ஓடினார்கள். மூடி கூரைத் தகட்டில் போய் அடித்து விழுந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய மீன் தலை ஒன்று மின்விசிறி இறக்கையில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் எம்.டி. முதுகில்.

அவர் மெதுவாகத் திரும்பினார். தோளிலிருந்து ஒரு செதிலை எடுத்துப் பார்த்தார். கீழே என் காலடியில் அந்த டேக் கிடந்தது. அதையும் எடுத்துப் படித்தார்.

"நடராஜுங்க," என்றார். அண்ணா போய், என் பெயர் வந்துவிட்டது. "ரொம்ப நன்றீங்க. நீங்க நெறைய சிரமப்பட்டுட்டீங்க. வர்ற திங்கக்கெழமை காலையில இன்ஜினியர் வந்து ஷெட்டுக்கு எடம் அளப்பாருங்க. நீங்களும் அன்னைக்கு ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

ஐந்து 'ங்க'. எண்ணினேன். முப்பத்தொரு வருஷ எண்ணுகிற பழக்கம், அந்த நேரத்திலும் விடவில்லை. அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் மீன் நாற்றம் என்று சொல்லிவிட்டேன்.

4. அறுபத்திமூன்றாவது ஆடு

மறுநாள் வெள்ளிக்கிழமை. தோட்டத்து ஓரத்தில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தெய்வானை மண்ணை ஒரு பிடி அள்ளிக் காட்டினார். பல வருஷம் இரும்புத் துரு கொட்டிக் கிடந்த இடம் அது. கையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மண்ணுல உசுரே இல்லீங்க சார். பட்டி போட்டாத்தான் ஆகும்."

எங்கள் பக்கத்தில் இது பழைய முறை. வெள்ளாமை இல்லாத நிலத்தில் மூங்கில் படலால் வேலி கட்டிச் சாயங்காலம் செம்மறி ஆடுகளை அடைத்துவிடுவார்கள். ஆடு போடுகிற புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். மறுநாள் படலை நகர்த்தி அடுத்த இடம். முடிந்ததும் உடனே மேலாக உழுதுவிட்டு, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு நட வேண்டும். எருவைச் சுமக்கவும் வேண்டாம், அள்ளவும் வேண்டாம்.

"திங்கக்கெழமை அளக்க வர்றாங்களேம்மா."

"அதுக்கு முன்னால மூணு நாளு இருக்குதில்லீங்க. என்ற ஊட்டுக்காரரை ஆட்டோட வரச் சொல்லிப்போட்டேன். சும்மா ஒக்காந்துட்டு இருக்கறதுக்கு அதைச் செஞ்சு பாக்கலாமுங்க."

என்னிடம் சொல்ல ஒரு விதியும் மிச்சமில்லை. சரி என்றேன்.

சாயங்காலம் தெய்வானையின் கணவர் ஆடுகளோடு கேட்டுக்கு வந்தார். எங்கள் செக்யூரிட்டி பொன்னுசாமி கையை நீட்டி நிறுத்தினார். பொன்னுசாமி நான் பழக்கிவிட்ட ஆள். வெளியாள் கொண்டுவருகிற எந்தக் கருவியும், ஸ்பேனர் ஆனாலும், எண்ணி எழுதித்தான் உள்ளே போகும். எண்ணி எழுதித்தான் வெளியே வரும். இதற்கு ரிட்டர்னபிள் கேட் பாஸ் என்று பெயர். பொன்னுசாமி ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணினார். அறுபத்திரண்டு. 'பொருள்' என்ற இடத்தில் 'ஆடு' என்றும், 'நிலை' என்ற இடத்தில் 'நன்று' என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். சனிக்கிழமை காலை அறுபத்திரண்டு வெளியே போனது. ஞாயிறு காலையும் அப்படியே.

திங்கள் காலை ஏழு மணிக்கு முன்பே நான் கேட்டுக்கு வந்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிற நாள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன். வந்து பார்த்தால், கேட் நிறைய ஆடு. கேட்டுக்கு வெளியே முதல் ஷிப்ட் பஸ் இரண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் பொன்னுசாமி நோட்டோடு மலை மாதிரி நின்றிருந்தார்.

"என்ன பொன்னுசாமி?"

"உள்ள போனது அறுவத்தி ரண்டு சாருங்க. வெளிய போறது அறுவத்தி மூணு."

தெய்வானையின் கணவர் தோளில் துண்டுக்குள் ஒரு குட்டி இருந்தது. அன்று விடியற்காலை எங்கள் தோட்டத்தில் பிறந்தது. இன்னும் காதுகூட நிமிரவில்லை.

"ஆடு குட்டி போட்டிருச்சுங்க, அவ்வளவுதான்," என்றார் அவர்.

"உள்ள வராத பொருளு வெளிய போனா அது கம்பெனிப் பொருளுங்க. ரூல் அப்படித்தான்."

"என்ற ஆடு போட்ட குட்டி எப்படீங்க கம்பெனிக் குட்டியாகும்?"

"எனக்குத் தெரியாதுங்க. சார் எழுதுன ரூலு. சாரே நிக்கறாரு, கேட்டுக்கங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆடுகள்கூடப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் பஸ்களுக்குப் பின்னால் எம்.டி.யின் கார் வந்து நின்றது. அவரும், கையில் அளவு டேப்போடு இன்ஜினியரும் இறங்கி ஆடுகளுக்கு நடுவே நீந்தி வந்தார்கள்.

"என்னங்க இது?"

பொன்னுசாமி சல்யூட் அடித்து விஷயத்தைச் சொன்னார். எம்.டி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "செரி, இதுக்கு என்ன வழீங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பொன்னுசாமியிடம் புத்தகத்தை வாங்கி, வெளியே போகும் பொருளுக்கான பாஸை எழுதினேன். பொருள்: ஆட்டுக்குட்டி. எண்ணிக்கை: ஒன்று. வாங்கிய இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசித்தேன். 'வாங்கவில்லை, உள் தயாரிப்பு' என்று எழுதினேன். தயாரித்த பிரிவு: தோட்டம். நிலை: நன்று. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். விளையாட்டுக்கு எழுதவில்லை. அந்தக் கட்டங்களை வேறு எப்படி நிரப்புவது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

எம்.டி. படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டினார்கள்.

"ஏனுங்ணா," என்றார். அண்ணா திரும்பி வந்துவிட்டது. "ரண்டு மாசத்துல உங்க தோட்டத்துல உருப்படியா வெளைஞ்சது இது ஒண்ணுதானுங்ணா."

பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. தெய்வானையைக் கேட்டார். "ஏனுங்க்கா, உண்மையச் சொல்லுங்க. இந்த எடத்துல தக்காளி வருமா?"

"வருமுங்க," என்றார் தெய்வானை. "சார் ரூல் போடாம இருந்தா வருமுங்க."

"செரி. இனி நீங்க சொல்லுங்க, அண்ணன் எழுதட்டும். ஒரே ஒரு வெள்ளாமை பாக்கலாம்." இன்ஜினியரிடம் திரும்பி, "டேப்பை மடிச்சு வெச்சுக்குங்க," என்றார். கேட் திறந்தது. அறுபத்திமூன்றும் போயின.

5. என்னை இன்ஸ்பெக்‌ஷன் செய்தது

தெய்வானை சொன்ன முதல் வேலை, காங்கேயம் போய் அந்தப் பழைய எருவைக் கேட்டு வாங்கி வருவது. அவமானமாக இருந்தது. போனேன். பஸ் இறங்கி, தென்னந்தோப்பு தாண்டி, சென்னியப்பன் தொழுவத்துக்கு நடந்தேன். தொழுவத்துத் தூணில் ஆணி அடித்து ஒரு பொருள் தொங்கிக்கொண்டிருந்தது. என் சிவப்பு டேக். 'காலாவதியான சரக்கு.' அடியில் என் கையெழுத்து.

சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க. சொந்தக்காரங்க வந்தா அதைத்தானுங்க மொதல்ல காட்டறது. ஆரும் நம்ப மாட்டீங்கறாங்க. எருவுக்குக் காலாவதின்னு எழுதுன ஆளைப் பாக்கோணும்னு எங்க மச்சான் ஈரோட்டுல இருந்து வர்றேன்னிருக்காரு."

வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த எரு பாதியைத் தென்னைக்கு வெச்சுப்போட்டேன். மிச்சம் குழியில இருக்குது. ஆனா அது இப்ப இன்னும் பழசாயிருச்சுங்களே. உங்களுக்கு ஆகுமுங்களா?"

அவர் என்னைக் குழி மேட்டுக்குக் கூட்டிப்போனார். "அன்னைக்கு உங்க கேட்டுல நான் ரெண்டு மணி நேரம் நின்னேன். நீங்க அரை மணி நில்லுங்க போதும். கையை உடுங்க உள்ள. சூடு இருக்குதா?"

"இல்லீங்க."

"மோந்து பாருங்க. நாறுதா?"

"இல்லீங்க. மழை பேஞ்ச மண்ணு வாசம்."

"சாணி எது, வைக்கல் எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க."

தேடினேன். பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றாகியிருந்தது. பிடித்தால் உருண்டையானது, விரலால் தட்டினால் உதிர்ந்தது.

"அப்ப இது கெட்டதுங்களா, நல்லதுங்களா?"

"நல்லதுங்க."

"எழுதிக் குடுங்க," என்றார். உண்மையாகவே காகிதம் நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அதையும் சிவப்பு டேக்குக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தினார். பிறகு மோர் கொடுத்தார். டிராக்டரை அன்றே அனுப்பினார்.

6. நட்ட பிறகு

பட்டி போட்ட மண்ணை உழுது ஆறவிட்டோம். காங்கேயத்து எருவை நடுவதற்கு முன்பே பாத்தி முழுக்கப் பரப்பிக் கொத்தினோம். வேர்ப்புழு வராமல் இருக்கக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குப் பொடி. தெய்வானை சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன் படிவத்தில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். முதல் தடவை வெட்கப்பட்டு என்னைப் போடச் சொன்னார். நான் எதைச் சோதித்தேன், போடுவதற்கு?

மீன் அமிலமும் மறுபடி செய்தோம். மூடியைத் தினமும் காலை ஒரு தடவை திறந்துவிடுவது என் வேலை. டிரம்மை எம்.டி. நடமாடாத மூலையில் வைத்தேன்.

தக்காளி காய்த்தது. முதலில் ஒரு கூடை. பிறகு கேன்டீனில் ரசம், தொக்கு, சட்னி என்று தினமும் தக்காளியாகவே போட்டு, ஆட்கள் முறைக்கிற அளவுக்குக் காய்த்தது. வெல்டிங் பிரிவில் 'ஃபர்னஸ்' என்ற பெயரை மாற்றவில்லை. ஃபர்னஸ் தக்காளி என்று வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். ஷெட் வரைபடம் எம்.டி. மேஜையிலிருந்து எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கவில்லை. டூ வீலர்கள் இன்றும் வெயிலில்தான் நிற்கின்றன. அந்தப் பாவம் என்னுடையது.

வேப்பமரத்தடியில் தெய்வானை மூடிவைத்த அந்தக் கோழி எரு நினைவிருக்கிறதா? அவ்வப்போது கிளறிக் கிளறி, ஆறேழு மாசம் கழித்துத் திறந்தார். என் கண்ணிலிருந்து தண்ணீரைத் தாரையாக வரவழைத்த சரக்கு, கறுப்பாகப் பொலபொலவென்று, வாசனையே இல்லாமல் இருந்தது. கத்திரிக்கு அதைத்தான் வைத்தோம். நான் புதுசு என்று பச்சை டேக் கட்டியது, பழசான பிறகுதான் உதவியது.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எருவைக் கடையில் வாங்கினாலும், தொழுவத்தில் வாங்கினாலும், முதலில் கையை உள்ளே விடுங்கள். சுட்டால் வைக்காதீர்கள். நாறினால் வைக்காதீர்கள். அவசரப்பட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் தண்டிலிருந்து ஒரு ஜாணாவது தள்ளி வையுங்கள், என்னை மாதிரி தண்டில் அப்பாதீர்கள். நொதிக்கிற எதையும் இறுக மூடாதீர்கள். இதெல்லாம் தெரிந்தவர் பக்கத்திலேயே விளக்குமாற்றோடு நிற்கக்கூடும், திரும்பிப் பாருங்கள். நான் திரும்பிப் பார்க்க இரண்டு மாசமும், ஒரு வெள்ளைச் சட்டையும், ஒரு ஆட்டுக்குட்டியும் ஆயிற்று.

7. கடைசி நாள்

என் கடைசி நாளன்று மெயின் கேட்டில் இரண்டு ஷிப்டும் நின்றது. எம்.டி. மாலை போட்டார். "போய்ட்டு வாங்ணா," என்றார். கைதட்டினார்கள். நான் நினைத்துவைத்திருந்த பேச்சு முழுக்க மறந்துவிட்டது.

வீட்டில் நாலு தொட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி, தெய்வானை ஒரு சாக்கில் எரு கட்டிக் கொடுத்திருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனேன். பொன்னுசாமி கையை நீட்டி நிறுத்தினார். மாலையோடு நிற்கிற என்னை.

"சாக்குக்குப் பாஸ் வேணுமுங்க சார்."

இரண்டு ஷிப்டும் சிரித்தது. தெய்வானை முன்னால் வந்து, எழுதியே வைத்திருந்த பாஸை நீட்டினார். அவர் கையெழுத்தில், எழுத்துக்கூட்டி எழுதியது. பொருள்: எரு. வயது: ரெண்டு வருசம். நிலை: நல்லா இருக்குது. அதோடு ஒரு பச்சை டேக்கும் அவர் கையில் இருந்தது.

பொன்னுசாமி பாஸைப் படித்து முடித்தார். "பாஸ் செரியா இருக்குதுங்க. டேக்கைச் சாக்குல கட்டீருங்க."

"சாக்குக்கு இல்லீங்க அது," என்றார் தெய்வானை. வந்து, என் மாலையின் நாரில் அந்தப் பச்சை டேக்கைக் கட்டிவிட்டார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழியைப் போட அன்று பக்கத்தில் கோழி எருவும் இல்லை.